குறைந்த கட்டணமும் நிறைந்த பயணமும்

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாது எழுகின்றது. "இம்முறையாவது ஊருக்குப் போகலாமா?" என்று பிள்ளைகள் கேட்பர். "ரிக்கற் விற்கும் விலையில் நாலு பேர் எப்படிப் போவது?" என்று பெற்றோர் விடை பகர்வர். அத்துடன் அவ்வுரையாடல் முற்றுப்பெறும். அடுத்த ஆண்டும் அதே கேள்வி, அதே விடை. இவ்வாறே ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன. பயணத்துக்குத் தடையாய் நிற்பது உண்மையில் விமானக் கட்டணம் தானா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நம் அனைவர்க்கும் பயன் தரும்.

ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். இவ்விரு நகரங்களுக்குமிடையே நேரடி விமான சேவை கிடையாது. லண்டனிலோ, வளைகுடா நாடொன்றிலோ, வேறெங்கேனுமோ இறங்கி மாறியே செல்லுதல் வேண்டும். இந்த நீண்ட வழியைக் குறைந்த செலவிற் கடக்க விரும்புவோர், கட்டணம் குறைந்த விமான நிறுவனங்களை நாடுவது இயல்பே. அவ்வாறு நாடுவதில் இழிவு எதுவுமில்லை. ஆயினும் எதனை வாங்குகிறோம் என்பதை அறிந்து வாங்குதலே அறிவுடைமையாகும்.

மலிவுப் பயணத்தின் வரலாறு

நெடுந்தூர மலிவுப் பயணம் நேற்றுத் தோன்றியதன்று. 1977 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 26 ஆம் திகதி, பிரெடி லேக்கர் என்னும் ஆங்கிலேயர், லண்டன் கற்விக் விமான நிலையத்திலிருந்து நியூயோர்க்குக்கு 'ஸ்கைட்ரெயின்' என்னும் சேவையைத் தொடக்கினார். ஒரு வழிக் கட்டணம் 59 பவுண் மட்டுமே. இருக்கைக்கு ஒரு விலை. உணவு வேண்டுவோர் அதற்கெனத் தனியே விலை கொடுக்க வேண்டும். செல்வர்க்கே உரியதாயிருந்த வானம் எளியோர்க்கும் திறந்தது. ஆனால் 1982 பெப்ரவரியில் அந்நிறுவனம் கடன் சுமையால் வீழ்ந்தது.

நமது நகரமும் இத்தகைய வீழ்ச்சிகளைக் கண்டிருக்கின்றது. 1988 இல் ரொறன்ரோவிலே தோன்றிய 'கனடா 3000' 2001 நவம்பரில் மூடப்பட்டது. ஐஸ்லாந்தின் 'வாவ்' விமான நிறுவனம் 2016 இல் ரொறன்ரோவுக்கு வந்தது. வியக்கத்தக்க குறைந்த விலையில் ஐரோப்பாவுக்குச் சீட்டு விற்றது. 2019 மார்ச் 28 ஆம் திகதி திடீரெனப் பறப்பதை நிறுத்தியது. சீட்டைக் கையில் வைத்திருந்தோர் விமான நிலையங்களிற் செய்வதறியாது நின்றனர்.

இவை அடிக்கடி வீழ்வதேன்? மாணவர்கள் இதனை ஒரு கணக்காகவே எண்ணிப் பார்க்கலாம். குறுந்தூர மலிவு விமானம் அரை மணி நேரத்துள் மீண்டும் புறப்பட்டு, ஒரே நாளிற் பல தடவை பறந்து பணம் ஈட்டுகின்றது. ஏனைய நிறுவனங்களின் விமானங்கள் தரையில் நிற்கும் நேரத்தில் இது வானில் நிற்கின்றது. ஆதாயத்தின் இரகசியம் அதுவே. நெடுந்தூரப் பறப்பிலோ எந்த நிறுவனத்தின் விமானமும் நாளின் பெரும்பகுதியை வானிலேயே கழிக்கின்றது. ஆதலால் மிச்சம் பிடிக்க வழி குறைவு. எரிபொருட் செலவோ எல்லார்க்கும் ஒன்றே. அன்றியும், பெரிய நிறுவனங்கள் முன்வரிசையில் அமரும் வசதி படைத்தோரிடம் உயர்ந்த கட்டணம் பெற்றுப் பின்வரிசையின் விலையைத் தாங்கிக் கொள்கின்றன. மலிவு நிறுவனங்களிற் பலவற்றுக்கு அந்தத் துணையும் இல்லை. எரிபொருள் விலை ஏறினாலோ, ஒரு குளிர்காலத்திற் பயணிகள் குறைந்தாலோ அவை தள்ளாடத் தொடங்குகின்றன.

இதனால் மலிவு விமானம் பாதுகாப்பற்றது என்று முடிவு கட்டிவிடலாகாது. குறைந்த கட்டணம் பெறும் நிறுவனமும் தன் நாட்டு அரசின் பறப்புச் சான்றிதழைப் பெற்றே பறக்கின்றது. இங்கு நாம் பேசும் ஆபத்து உயிருக்கு உரியதன்று; பணத்துக்கும் காலத்துக்கும் உரியது.

சீட்டின் விலையும் பயணத்தின் விலையும்

சீட்டில் அச்சிடப்பட்ட விலை வேறு. வீட்டு வாசலில் புறப்பட்டு அம்மம்மாவின் வாசலில் இறங்கும் வரை ஆகும் விலை வேறு. பெட்டிக்குத் தனிக் கட்டணம், உணவுக்குத் தனிக் கட்டணம், இருக்கையைத் தெரிவு செய்யத் தனிக் கட்டணம். இவையனைத்தையும் கூட்டிய பின்னரே எது மலிவு என்று சொல்ல முடியும்.

மேலும், லண்டன் வரை ஒரு மலிவுச் சீட்டும் அங்கிருந்து கொழும்புக்கு வேறொரு நிறுவனத்தின் சீட்டுமாக இரண்டாகப் பிரித்து வாங்குவோர் உளர். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாம் நிறுவனம் காத்திராது, பொறுப்பும் ஏற்காது. இறங்கிய இடத்திற் பெட்டிகளைத் தாமே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அதற்கு அந்நாட்டின் எல்லைக் காவலைக் கடந்தாக வேண்டும். 2025 சனவரி முதல் கனடியக் கடவுச்சீட்டு உடையோரும் பிரித்தானிய எல்லையைக் கடக்க இணையவழி முன்னனுமதி பெறுதல் வேண்டும். அகதிப் பயண ஆவணம் உடையோர் இடைவழி நாட்டின் விசா விதிகளைச் சீட்டு வாங்குமுன் நன்கு ஆராய வேண்டும். ஒரே சீட்டாய் வாங்கினால் சில நூறு டொலர் கூடலாம். ஆனால் முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர்க்கு அந்தத் தொகை வீணன்று.

நமக்குச் சட்டம் தரும் காப்பு எது என்பதும் அறியத்தக்கது. 2019 இல் நடைமுறைக்கு வந்த கனடிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, பாதுகாப்புக் காரணமின்றி, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குட்பட்ட காரணத்தால் ஒன்பது மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பெரிய நிறுவனம் 1,000 டொலர் இழப்பீடு தர வேண்டும். சிறிய நிறுவனம் 500 டொலர் தந்தாற் போதும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெற்றோர்க்கு அண்மையில் அமர்த்த மேலதிகக் கட்டணம் வாங்கலாகாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் பக்கத்து இருக்கையே தர வேண்டும். எனவே பிள்ளை தனித்துவிடுமே என்று அஞ்சி இருக்கைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

நிறுவனம் மூடப்பட்டால் யாது செய்வது? ஒன்ராறியோவில், 'ரிக்கோ' என வழங்கும் பயணத்துறை மன்றத்திற் பதிவு பெற்ற முகவரிடம் சீட்டு வாங்கியிருந்தால், விமான நிறுவனம் முறிந்து போனாலும் அம்மன்றத்தின் இழப்பீட்டு நிதியிலிருந்து ஆளுக்கு 5,000 டொலர் வரை மீளக் கோரலாம். வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரே வாங்கியோர்க்கு அந்தக் காப்பு இல்லை. ஸ்காபரோவிலுள்ள நம்மவர் பயண முகவர் நிலையங்களிற் சீட்டு வாங்கும்போது, அவர்களுடைய பதிவு எண்ணைக் கேட்டறிதல் குறையாகாது. அது நமது உரிமை.

பெட்டிகளின் பாரம்

இனி, இக்கட்டுரையின் உள்ளக் கிடக்கைக்கு வருகிறேன். மலிவு நிறுவனங்களின் கொள்கை ஒன்று உண்டு: தேவையானதற்கு மட்டும் பணம் கொடு. இந்தக் கொள்கையை விமானத்துக்கு ஏற்கும் நாம், நம் பயணத்துக்கு ஏற்கின்றோமா?

ஊருக்குப் போகும் தமிழர் குடும்பத்தைப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு பெட்டிகள். சொக்கிலேற், வாசனைத் திரவியம், சவர்க்காரம், பால்மா, சப்பாத்து. பெரியப்பா வீட்டுக்கு ஒரு பொதி. அயலவர்க்கு ஒரு பொதி. முன்பின் அறியாத ஒருவர் தம் உறவினர்க்குக் கொடுத்தனுப்பும் பொதி வேறு. இவற்றை வாங்கும் செலவு சிலவேளை ஒரு பயணச்சீட்டின் விலையை மிஞ்சுகின்றது. பயணம் பத்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் பெருவிழாவாக மாறிவிட்டதற்குக் கட்டணம் மட்டும் காரணமன்று. வெறுங்கையோடு போனால் ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சமும் காரணம்.

இந்த அச்சத்தைப் பழிக்க நான் முனையவில்லை. காணியை ஈடு வைத்தும் தாலிக்கொடியை விற்றும் முகவர்க்குப் பணம் கட்டி அனுப்பி வைத்த உறவுகள் அவை. கொடுத்தவர்க்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்னும் நன்றியுணர்வு உயர்ந்ததே. ஆனால் ஆறு வயதில் அம்மம்மாவைக் கண்ட பிள்ளை, அடுத்த முறை பதினாறு வயதிற் காண்கின்றது. அதுவும் அம்மம்மா இருந்தால். எட்டுப் பெட்டிகளைச் சுமந்து ஒருமுறை போகும் செலவில், பெட்டி குறைத்து இருமுறை போக முடியுமாயின், எதனை அந்த மூதாட்டி விரும்புவார்? பெட்டிக்குள் இருக்கும் பொருளையா, பேரப்பிள்ளையையா? விடை நாம் அறிந்ததே.

தமிழாசிரியன் என்ற முறையிலும் ஒன்று கூறுவேன். சனிக்கிழமைகளில் இரண்டரை மணி நேரம் நாம் கற்பிப்பதைக் காட்டிலும், அப்பம்மாவோடு கிணற்றடியில் நான்கு வாரம் கதைத்துத் திரும்பும் பிள்ளை மிகுதியாகக் கற்று வருகின்றது. அங்கே தமிழ் பாடமன்று. சோறு கேட்கும் மொழி.

நடுவழிச் சந்திப்பு

ஊருக்கே செல்ல முடியாதோரும் நம்மிடையே உளர். அகதிப் பயண ஆவணம் தாயகத்துக்குச் செல்லுபடியாகாது. 2012 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின்னர், குடியுரிமை பெறாத ஏதிலி ஒருவர் தாயகம் சென்று வந்தால் நிரந்தர வதிவிட உரிமையையே இழக்கும் நிலை நேரலாம். இத்தகையோர், பெற்றோரைத் தமிழ்நாட்டுக்கு அழைத்து அங்கே சந்திக்கின்றனர்.

முன்னர் இதற்காக முதியோர் கொழும்பு வரை இரவிரவாகப் பயணஞ் செய்ய வேண்டியிருந்தது. 2019 ஒக்ரோபரிற் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அந்த நவம்பரிற் சென்னைக்குச் சேவை தொடங்கியது. பெருந்தொற்றால் 2020 இல் நின்ற அச்சேவை, 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்ரெம்பரில் மலிவு விமான நிறுவனமான இண்டிகோவும் இவ்வழியிற் பறக்கத் தொடங்கியது. இது புதிய வழியுமன்று. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதற் பறப்பே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் சென்றது. ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தூரம், சிறிய விமானம். ஆயினும் முழங்கால் நோவுள்ள ஒரு தாய்க்கு அச்சிறு விமானம் செய்யும் உதவி பெரிது.

அன்பார்ந்த பெற்றோர்களே! விலையை ஒப்பிடுங்கள், விதிகளைப் படியுங்கள், பதிவு பெற்றவரிடம் ஒரே சீட்டாய் வாங்குங்கள், பெட்டியைக் குறையுங்கள். மாணவச் செல்வங்களே! உங்கள் பங்கும் உண்டு. நாம் போகும்போது எனக்கு ஒரு பெட்டி போதும் என்று வீட்டிற் சொல்லுங்கள். பிறந்தநாட் பணத்தில் ஒரு பகுதியைப் பயணத்துக்கென உண்டியலில் இடுங்கள். அங்கே காத்திருப்போர் முதியோர். அவர்களுடைய காலம் நம் வசதியை நோக்கிக் காத்திராது. மலிவுச் சீட்டோ விலையுயர்ந்த சீட்டோ, காலத்தோடு வாங்கிய சீட்டே நற்சீட்டு.