ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படிப்பை முடித்த அப்துல் கலாமுக்கு, சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அக்கா ஜொஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தத் தலைமுறைக்குக் கல்விக் கடன் என்றால் அடகுக்கடைச் சீட்டுதான்.

1963இல் மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. வட்டி கிடையாது. வாங்கியவர் ஆசிரியர் வேலைக்குப் போனால், பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. பத்து வருஷம் பாடம் நடத்தினால் கடன் தீர்ந்துவிடும். ஸ்புட்னிக் கொடுத்த அதிர்ச்சியில் அமெரிக்கா 1958இல் போட்ட சட்டமே ஆசிரியருக்குப் பாதிக் கடனைத்தான் கழித்தது.

கற்பிப்பவரின் பாரத்தை அரசு குறைப்பது இங்கே புதிதும் அல்ல. சோழர் காலத்தில் கற்றவர்களுக்குப் பட்டவிருத்தியாக வரி நீக்கிய நிலம் விட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. (அந்த நிலத்தை உழுதது யார், அவர்கள் பிள்ளைகள் படித்தார்களா என்பது வேறு கதை.)

அந்த 1963 திட்டம் பிறகு கைவிடப்பட்டது. 2001இல் வந்த வங்கிக் கல்விக் கடனில் ஆசிரியருக்குத் தனிச் சலுகை இல்லை. 2009 முதல், ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் காலமும் மேலும் ஓராண்டும் வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. அசல் அசையாது. 2015இல் பி.எட். ஓராண்டிலிருந்து ஈராண்டானது, செலவும் அதற்கேற்ப நீண்டது. தகுதித் தேர்வு எழுதிவிட்டு அரசுப் பணிக்குக் காத்திருக்கும் ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்கு அதற்குள் தவணை ஆரம்பித்துவிடும். கட்டத் தவறினால் அவள் சிபில் மதிப்பெண்ணோடு, கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் மதிப்பெண்ணும் இறங்கும். அப்புறம் வீட்டில் மிச்சமிருக்கும் நகைதான் வழி.

தேர்தல் வந்தால் கல்விக் கடன் தள்ளுபடி என்கிறார்கள்; 2021இல் தி.மு.க.வின் தேர்தல் அறிக்கையிலும் இருந்தது. கடன் கொடுத்தது வங்கி, பணம் கட்டவேண்டியது அரசு என்பதால் அது மேடையில் சொல்வதுபோல் எளிதல்ல. முறையாகக் கட்டியவருக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது. 1963 விதியோ செய்த வேலைக்குக் கழித்தது. வருஷா வருஷம் கணக்குப் பார்த்து ஒதுக்கக்கூடிய செலவு அது. மீண்டும் கொண்டுவந்தால், தனியார் பள்ளி ஆசிரியருக்கு உண்டா என்றுதான் முதலில் தகராறு வரும். உண்டு என்றே வைக்கவேண்டும். உறையூரிலும் திருவானைக்காவலிலும் பி.எட். முடித்தவர்கள் பலர் முதலில் போய்ச் சேர்வது அங்கேதான். சம்பளமும் அங்கேதான் குறைவு.