முதலில் வீழ்ந்தவன்

குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களுள் ஒன்று குளச்சல். மிளகு வாணிகத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பிய டச்சுக்காரரை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை 1741ஆம் ஆண்டில் அங்கே முறியடித்தது. அவ்வெற்றியின் நினைவுத்தூண் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. தோற்றுச் சரணடைந்த டச்சுத் தலைவர் டிலனாய், பின்னர்த் திருவிதாங்கூரின் படைத்தலைவராக உயர்ந்து 1777இல் மறைந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் உள்ள அவரது கல்லறையில் இலத்தீன் எழுத்துகளோடு தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. பகைவராய் வந்தவரையும் தமிழெழுத்தால் சிறப்பித்த பெருந்தன்மை போற்றத்தக்கதே. ஆனால், அப்போரில் மார்த்தாண்ட வர்மரின் பக்கம் நின்று முதன்முதல் வீழ்ந்தவன் யார்? அவன் எவ்வூரான்? விடை கூறுவார் இல்லை.

இம்மறதி தமிழரின் பழைய மரபன்று. நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துரைக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் பொருது மாண்ட கருந்தேவக்கத்தியின் பெயர் அதில் உள்ளது. அவன் வளர்த்த நாயின் பெயரும் உள்ளது! கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அந்நாய்க்குக் கோவிவன் என்று பெயர். சிற்றூர்ப் பூசலொன்றில் பட்டவனுக்கு வாய்த்த இச்சிறப்பு, பேரரசொன்றின் போரில் பட்டவனுக்கு வாய்க்கவில்லை.

முதல் உலகப்போரில் இந்நிலை வேறு. பிரான்சின்மீது ஜெர்மனி போர் அறிவித்த நாள் 1914 ஆகஸ்டு 3. அதற்கு முந்திய நாளே, எல்லையை அடுத்த ஜோன்ஷெரி என்னும் ஊரில் இரு நாட்டு வீரரும் எதிர்ப்பட்டுச் சுட்டுக்கொண்டனர். பிரெஞ்சுக்காரர் ஜூல் பெஜோவும் ஜெர்மானியர் ஆல்பர்ட் மேயரும் மாண்டனர். பெஜோ 21 வயது இளைஞர், பள்ளி ஆசிரியர். அவர் எப்படைப்பிரிவினர், என்ன பதவியினர் என்பதெல்லாம் ஏட்டில் இருந்தன. ஆகவே, போர் தொடங்குமுன்னரே மாண்டவரையும் உலகம் பெயர் சொல்லி அறிகிறது.

முதலில் வீழ்ந்தவன் உயிர் பின்னர் வீழ்ந்தவன் உயிரினும் அரியதோ எனச் சிலர் வினவலாம். அன்று. எனினும், வெற்றியையோ தோல்வியையோ காணாமல், போர் எத்தன்மையது என அறியுமுன்னரே மடிந்தவன் அவன். மேலும், அவன் ஒருவன் பெயரைத் தேடி ஏடு புரட்டுவோர்க்கு அவனை அடுத்தவன் பெயரும், அவனுக்கும் அடுத்தவன் பெயரும் கிடைத்தல் கூடும்.

குளச்சல் வீரனுக்கு இனி ஒரு பெயரைப் புனைந்து சூட்டுதல் தகாது. நினைவுத்தூணின் அருகே அவனுக்கென ஒரு நடுகல்லை நாட்டலாம். ஊரையும் ஆண்டையும் அதிற் பொறித்து, பெயர் நிற்கவேண்டிய வரியை வெறுமையாக விட்டுவைக்கலாம்.