மரத்தின் எடையும் மரத்தின் தரமும்

பால் உற்பத்தியாளர் சங்கத்தில் அங்கத்தினர் ஒருவர் பாலை ஊற்றினால், சங்கம் அளவை மட்டும் பார்த்து விட்டுவிடுவதில்லை; கொழுப்புச் சத்தையும் சோதித்து, அதற்கேற்ற விலையையே பதிவு செய்கிறது. நல்ல பாலுக்கும் நீர்த்த பாலுக்கும் ஒரே விலை கொடுப்பது நியாயமாகாது என்பதே இதன் அடிப்படை. ஆனால், சவுக்கும் தைலமரமும் பயிரிட்டுக் காகித ஆலைக்கு விற்கும் விவசாயியின் நிலை என்ன? லாரி எடைமேடையில் ஏறுகிறது. டன் கணக்கில் விலை போடப்படுகிறது. மரத்தினுள் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

உலர்ந்த மரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். காகிதமாவது பெரும்பாலும் இதுவே. சுத்தி செய்யப்பட்டு ரேயான் நூலாகி நம் நெசவாளரின் தறிக்கு வருவதும் இதுவே. 20 முதல் 30 பங்கு லிக்னின். இது இழைகளைப் பிணைத்து நிற்கும் பசை போன்றது. ஆலையார் காரம் சேர்த்துக் காய்ச்சி இதை நீக்குகின்றனர். ஆகவே, செல்லுலோஸ் மிகுந்து லிக்னின் குறைந்த மரம் டன்னுக்கு அதிகக் கூழ் தரும். இரசாயனச் செலவும் குறையும். எடைக்கு மட்டுமே விலை என்றால், அந்த இலாபத்தில் மரம் வளர்த்தவனுக்குப் பங்கில்லை. மேலும், பச்சை மரத்தின் எடையில் பாதியளவு நீராகவே இருப்பதுண்டு. வெட்டிய மரம் லாரிக்காகக் காத்து வெயிலில் கிடந்தால், நார் குறையாமலே பணம் குறைகிறது.

இதுகாறும் இரசாயனச் சோதனைக்கு நாட்கள் பிடித்தன. மரத்தூளை 72 சதவிகிதக் கந்தக அமிலத்தில் ஊறவைத்து, பின்னர் அமிலத்தை நீர்க்கச் செய்து காய்ச்சி, கரையாது எஞ்சும் லிக்னினை நிறுக்க வேண்டும். ஒவ்வொரு லாரிக்கும் இதைச் செய்வது இயலாத காரியம்.

அண்மை அகச்சிவப்பு ஒளிச் சோதனை இத்தடையை நீக்க வல்லது. கண்ணுக்குப் புலப்படும் செந்நிறத்துக்கு அப்பால், 780 முதல் 2500 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி இது. உலர்த்தி அரைத்த மரத்தூளின் மேல் இதைப் பாய்ச்சினால், செல்லுலோஸ், லிக்னின், நீர் ஆகிய ஒவ்வொன்றும் தனக்குரிய அலைநீளங்களில் ஒளியை ஈர்த்துக்கொள்ளும். திரும்பி வரும் ஒளியின் குறைவைக் கணிப்பொறி கணக்கிட்டு, ஓரிரு நிமிடங்களில் பொருள்களின் விகிதத்தைக் கூறிவிடும்.

இது வெறும் கனவன்று. அமெரிக்க விவசாய இலாகாவில் கார்ல் நோரிஸ் 1960களில் தானியங்களுக்கு இம்முறையை வகுத்தார். 1975இல் கனடாவின் தானிய ஆணையம் கோதுமையின் புரதத்தை அளக்க இதை ஏற்றது. 1990களில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், நிற்கும் தைலமரத்தை வெட்டாமலே அதில் துளையிட்டுச் சிறு தண்டு ஒன்றை எடுத்து, அதன் கூழ் விளைவை இவ்வொளியால் மதிப்பிட்டனர். எந்த ரகத்தை நடுவது என்பதற்கும் இது வழிகாட்டும்.

எனினும், ஓர் எச்சரிக்கை அவசியம். இக்கருவி தானாக எதையும் அறியாது. முதலில் பல மரங்களை இரசாயன முறையில் சோதித்து, அம்முடிவுகளை அதற்குக் கற்பிக்க வேண்டும். தைலமரத்தை மட்டும் கற்ற கருவி சவுக்கைச் சரியாகச் சொல்லாது. உலர்ந்த தூளில் கற்றது ஈர மரத்தில் தவறும். ஆகையால், கற்பித்தவர் எவரோ அவர் கையிலேயே தராசு இருக்கிறது. வாங்குபவரிடம் மட்டும் அது இருக்குமானால், விற்பவனுக்கு அதனால் நன்மை விளையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

கரும்பு நமக்கொரு பாடம். அதன் விலை பிழிதிறனோடு இணைக்கப்பட்டிருந்தும், கணக்கில் வருவது ஆலையின் சராசரியே. தன் கரும்பு உயர்ந்ததாயினும் தனி விவசாயிக்குத் தனிப் பயனில்லை. மரத்திலும் இந்நிலை வரலாகாது.

எனவே, நம் சங்கங்கள் வற்புறுத்த வேண்டியவை சில உண்டு. உலர் எடைக்கே விலை வேண்டும். மாதிரி இரு தரப்பார் முன்னிலையில் எடுக்கப்பட்டு, முத்திரையிட்ட ஒரு பகுதி விவசாயியிடம் இருக்க வேண்டும். கருவிக்குக் கற்பிக்கும் மரங்கள் நம் மாவட்டங்களின் மண்ணில் விளைந்தவையாக இருத்தல் வேண்டும். அச்சோதனை முடிவுகள் சங்கங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

மெலிந்த மண்ணில் பயிரிடும் ஏழை அங்கத்தினர் இதனால் பாதிக்கப்படுவாரோ என்ற ஐயம் நியாயமானதே. அடிப்படை விலையில் குறைவு செய்யாமல், தரத்துக்கு மேல்விலை மட்டும் சேர்ப்பது இதற்குத் தக்க பரிகாரம். செலவும் பெரிதுதான். தனிச் சங்கத்தால் இயலாததைப் பல சங்கங்கள் கூடிச் செய்யலாம். கூட்டுறவு என்பதன் பொருளே அதுவன்றோ?

எடைமேடைக்கு அரசாங்கம் முத்திரையிடுகிறது. நாளை வரவிருக்கும் ஒளிக்கருவிக்கும் அத்தகைய முத்திரை வேண்டும் என்று இன்றே கேட்போமாக. விலை தீர்மானமான பின்னர் கேட்பதில் பயனில்லை.