கண் சிமிட்டினால்தான் வங்கிக் கணக்கா? உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

வங்கிக் கணக்கு தொடங்கணுமா? கேமரா முன் "கண்ணைச் சிமிட்டுங்க" என்கிறது செயலி. எதிரில் இருப்பது போட்டோ இல்லை, உயிருள்ள ஆள்தான் என்று உறுதிசெய்யும் இ-கேஒய்சி சோதனை இது.

சிக்கல் யாருக்கு?

ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? திரையில் தெரியும் வட்டத்துக்குள் முகம் இருக்கிறதா என்று பார்வையற்றவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? உதவிக்கு ஆளைக் கூப்பிட்டால் வேலை முடிஞ்சிடும்தான். ஆனால் ஓடிபி, கணக்கு விவரம் எல்லாம் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

தீர்ப்பு என்ன?

பாதிக்கப்பட்டவர்கள் தொடர்ந்த வழக்கில், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. சிமிட்டலுக்கு மாற்று வழி, காகிதத்தில் கேஒய்சி, அணுகல் தணிக்கை உட்பட 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

ஏன் முக்கியம்?

ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களையும் மாற்றுத்திறனாளிகளாக ஏற்கிறது 2016-ம் ஆண்டு சட்டம். சட்டம் ஏற்றவர்களைச் செயலி வெளியே நிறுத்தியது. இனி மாற்று வழி கேட்பது சலுகை இல்லை, உரிமை.