படிக்கட்டுக்குக் கீழே ஒரு குடும்பம்

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தில் விடியற்காலை நாலரைக்கு முதலில் கேட்பது மோட்டார் சத்தம்தான். மெட்ரோ வாட்டர் வரும் நேரம் பார்த்து, சம்ப்பில் பிடித்து, மேல்தொட்டிக்கு ஏற்றிவிட்டுத்தான் எங்கள் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். பிறகு வாசல் பெருக்குவார், கார்களைத் துடைப்பார். அவர் மனைவி அதற்குள் பக்கத்துத் தெருவில் மூன்று வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போயிருப்பார். படிக்கட்டுக்குக் கீழே, மின் மீட்டர்களை ஒட்டியிருக்கும் அறையில் பத்து வயதுப் பெண்ணும் ஐந்து வயதுப் பையனும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நேபாளத்தின் மேற்குக் கோடியிலிருக்கும் ஒரு மலைக் கிராமம் அவர்களுடைய ஊர். இங்கிருந்து லக்னோ வரை இரண்டு நாள் ரயில், அங்கிருந்து எல்லை வரை பஸ், எல்லை தாண்டி ஜீப், அதற்கு மேல் நடை.

தி.நகரின் உட்தெருக்களிலும் அடையாறு காந்தி நகரிலும் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியும் இப்படிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. முன்பெல்லாம் ஆண் மட்டும் வருவார். கழியைத் தரையில் தட்டி, விசில் ஊதி, இரவெல்லாம் தெருத்தெருவாக நடந்து, மாதம் பிறந்ததும் வீட்டுக்கு இத்தனை என்று வாங்கிக்கொண்டு போவார். அவரைக் ‘கூர்க்கா’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். கோர்க்கா என்பது நேபாளத்தில் ஒரு மலை ஊர். ஓர் ஊரின் பெயரை, ஒரு மக்களின் பெயரை, தமிழில் வேலையின் பெயராகவே ஆக்கிவிட்டோம். நம் சினிமாவும் அவருடைய கொச்சைத் தமிழைச் சிரிப்புக்குத்தான் எடுத்துக்கொண்டது. இப்போது அவர் மனைவி, மக்களோடு வந்து தங்கியிருக்கிறார். வந்திருப்பது ஒரு குடும்பம். நாம் இன்னமும் ஒரு வாட்ச்மேனுக்கு உரிய இடத்தை மட்டுமே கொடுத்து வைத்திருக்கிறோம்.

இவர்கள் கள்ளத்தனமாக வந்தவர்கள் இல்லை. 1950 ஜூலை 31 அன்று இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட நட்புறவு ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, ஒரு நாட்டுக் குடிமக்கள் மற்ற நாட்டில் வசிக்கவும் தொழில் செய்யவும் சொத்து வைத்துக்கொள்ளவும் வழி செய்கிறது. விசா தேவையில்லை. சட்டம் வாசலைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர் குடியேறி வாழ்வதற்கு வேண்டியதைச் செய்யும் பொறுப்பு யாருடையது என்று மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. அரசு என்பார் ஒருவர், அடுக்ககச் சங்கம் என்பார் இன்னொருவர். இரண்டும் சரி, இரண்டும் போதாது.

எங்கள் வாட்ச்மேனின் பெண்ணைப் பள்ளியில் சேர்த்த கதையைச் சொல்ல வேண்டும். வந்தபோது வயது எட்டு. தமிழில் ஒரு சொல் தெரியாது. முதலில் போன பள்ளியில் பிறப்புச் சான்றிதழ் இல்லை, முகவரிச் சான்று இல்லை, மொழி தெரியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் ‘சரிங்க சாப்’ என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகு ஏழு மாதம் அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டு அறையிலேயே இருந்தாள். தினமும் அவளைத் தாண்டித்தான் நாங்கள் பதினாறு வீட்டாரும் இறங்கிப் போனோம், நான் உட்பட. ஒரு நாள் என் பேத்தியின் பழைய புத்தகத்தை வாங்கி, படங்களைப் பார்த்து முடித்துவிட்டு, எழுத்தின் மேல் விரலை வைத்து ‘இது?’ என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ‘ஒவ்வொரு குழந்தை’ என்றுதான் அது பேசுகிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களை எட்டிப்பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. இரண்டாவதாக நாங்கள் போன பள்ளியின் தலைமையாசிரியைக்கு இதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. “பெயர் சொல்லும்மா” என்று கேட்டு எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அதை விரித்தபோது, தொடக்க விழா நடந்ததே நம் மயிலாப்பூரில்தான். அம்மா நாலரைக்கே வேலைக்குக் கிளம்பும் வீட்டில் அந்தக் கிச்சடியும் பொங்கலும் எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

ஆறே மாதத்தில் அவள் எங்களோடு தமிழில் வாயாடத் தொடங்கிவிட்டாள். அதிலிருந்து இன்னொரு பாரம் அவள் தலையில் ஏறியது. கடைக்காரர் சொல்வதை அப்பாவுக்குப் புரியவைப்பது, சங்கச் செயலாளர் கோபித்துக்கொண்டால் அதை நேபாளியில் சொல்வது, எல்லாமே அவள்தான். ஒரு முறை அவள் அம்மாவை மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என் மனைவி அழைத்துப் போனாள். ரத்தப்போக்கு எத்தனை நாளாக, கட்டி கட்டியாகப் போகிறதா என்று செவிலியர் கேட்டார். கேள்வி அந்தக் குழந்தையிடம் வந்தது. அவள் தரையைப் பார்த்தாள். அம்மாவும் தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் செவிலியரே எழுந்து, மருந்துக்கு நின்றிருந்த வடநாட்டுப் பெண் ஒருவரை உள்ளே அழைத்து இந்தியில் கேட்கச் சொன்னார். அவருடைய அந்தச் சமயோசிதத்தை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் யாரோ ஒரு செவிலியரின் நல்ல மனத்தை நம்பியே ஓர் ஊர் இருக்க முடியாது. இந்தியும் ஒடியாவும் வங்காளமும் தெரிந்தவர்கள் நம் தெருக்களிலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள், ரயில்வேக்காரர்கள், வடக்கே முப்பது வருஷம் குடும்பம் நடத்திவிட்டுத் திரும்பிய மாமிகள். சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒரு காலை அவர்கள் போய் உட்கார்ந்தால் ஒரு குழந்தையின் தோளிலிருந்து அந்தப் பாரம் இறங்கும்.

எங்கள் சங்கத்தில் இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசியபோது ஒரு பயமும் எழுந்தது. “நாளைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா யார் பதில் சொல்றது?” என்று ஒருவர் கேட்டார். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் எங்களுடையவை. பிள்ளைகள் நியூஜெர்சியிலும் சிட்னியிலும். அந்தப் பயத்துக்குச் சரியான வழி, குடியுரிமைச் சான்றின் நகலோடு காவல் நிலையத்தில் முறையாகத் தகவல் கொடுத்து வைப்பது. பெயரும் ஊரும் தெரிந்த மனிதர்மேல் சந்தேகம் குறைகிறது, அவருக்கும் ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. 2023 மார்ச்சில், பிகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது எத்தனை பேர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள் என்பதைப் பார்த்தோம். வதந்தி பிடிப்பது ஆளுக்கு ஆள் தெரியாத இடத்தில்தான்.

அந்தக் குடும்பத்துக்கும் பொறுப்பு உண்டு. ‘அடுத்த தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம்’ என்று பையனின் படிப்பை அப்பா தள்ளிப்போடுகிறார். அதை ஏற்க முடியாது, அவரிடமே சொல்லியிருக்கிறேன். சம்பளத்தை எல்லாம் ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பி ஒரு முறை ஏமாந்தும் இருக்கிறார். வங்கி வழியாக நேபாளத்துக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி 2008லேயே ஒரு வசதி செய்து, 2021இல் வரம்பை 2 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியிருக்கிறது. அவருக்கு அது தெரியாது. தெரிந்த எங்களில் ஒருவரும் சொல்லித்தரவில்லை.

மழை வந்தால் முதலில் நனைவது தரைத்தளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் கார் நிறுத்தத்தில் முழங்கால் அளவு தண்ணீர். நால்வரும் முதல் மாடிப் படித்திருப்பில் பாயை விரித்து ஓர் இரவைக் கழித்தார்கள். பதினாறு வீட்டில் ஐந்தில் ஆளே இல்லை. என் வீட்டிலும் ஓர் அறை காலியாகத்தான் இருந்தது. மறுநாள்தான் கூப்பிட்டேன். அந்த ஓர் இரவு இன்றும் என்னை உறுத்துகிறது.

நமக்குப் புலம்பெயர்தல் புதிதில்லை. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரைக் கண்டு தூக்கியெடுத்தவர்கள் அந்தக் கரையோர மீனவர்கள். அடையாறுக்கும் ஒரு கதை உண்டு. 1939இல் பிரம்மஞான சபைக்கு ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தார் இத்தாலியரான மரியா மாண்டிசோரி. இத்தாலி போரில் இறங்கியதும் மகன் மரியோவை எதிரி நாட்டவர் என்று முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரி 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அடையாறு அவருக்கு இடம் கொடுத்தது, அவரிடமிருந்து குழந்தைகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டது.

போன நவராத்திரியில் இரண்டாம் மாடிப் பாட்டி வீட்டுக் கொலுவுக்கு அந்தப் பெண் வந்திருந்தாள். படியில் நவதானியம் முளைவிட்ட தட்டைப் பார்த்ததும் “எங்க வீட்லயும் இருக்கு” என்றாள். பாட்டி கைத்தடியோடு கீழே இறங்கிப் போய்ப் பார்த்தார். படிக்கட்டுக்கு அடியில், வெளிச்சம் படாத மூலையில், இலைத் தொன்னையில் பார்லி மஞ்சளாக முளைத்து நின்றது. ஜமரா என்று பெயராம். “இது முளைப்பாரிடீ!” என்றார் பாட்டி. சிவகங்கைப் பக்கத்துக்காரர், இருட்டில் முளைப்பாரி வளர்த்த கை. விஜயதசமி அன்று பெரியவர்கள் தயிரில் குழைத்துச் சிவப்பாக்கிய அரிசியை நெற்றியில் வைத்து, அந்த முளையைத் தலையில் சூட்டி ஆசி கொடுக்க வேண்டும். அவர்களுடைய பெரியவர்களெல்லாம் மலையில் இருக்கிறார்கள். அந்த வருஷம் பாட்டிதான் வைத்தார், நால்வருக்கும்.

அடுக்ககச் சங்கங்களை நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் குடும்பத்துக்கு ஒரு முகவரி கொடுங்கள். சங்கத்தின் தாளில், ‘இவர்கள் எங்கள் குடியிருப்பில் வசிக்கிறார்கள்’ என்று ஒரு கடிதம். சமையல் எரிவாயுவுக்கு 5 கிலோ சிலிண்டரை அடையாள அட்டை மட்டும் காட்டியே வாங்கலாம். வங்கிக்கும் பள்ளிக்கும் காவல் நிலையத்துக்கும் போகும்போது அப்படியில்லை, எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்பார்கள். எங்கள் பதினாறு வீட்டுக்கும் கதவு எண் உண்டு. அந்த அறைக்கு இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். ஜூனில் பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். கடிதத்தை எழுதி வைத்துவிட்டேன். செயலாளர் கையெழுத்து ஒன்று போதும். ஆனாலும் பதினாறு பேருக்கும் இடம் விட்டிருக்கிறேன்.