நெய்வேலி ஒளியும் தனுஷ்கோடி இருளும்

நெய்வேலித் தோழர்களை ஒன்று கேட்கிறோம். மண்ணைக் குடைந்து, பழுப்பு நிலக்கரியை வெட்டி, வியர்வை சிந்தி நீங்கள் ஆக்கித் தந்த மின்சாரம் எந்த ஊரையெல்லாம் எட்டியது? எந்த ஊரை எட்டாமல் நின்றது?

நெய்வேலியில் முதல் 50 மெகாவாட் மின் உற்பத்தி யந்திரம் ஓடத் தொடங்கியது 1962ல். இரண்டரை ஆண்டு கழித்து, 1964 டிசம்பர் 22ந் தேதி இரவு, இராமேசுவரம் தீவைப் புயல் தாக்கியது. 1914 முதல் ரயிலும் கப்பலும் கைகோத்து, சென்னையை இலங்கையோடு இணைத்த தனுஷ்கோடிப் பட்டினம் விடிவதற்குள் அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயில், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு அலைக்குள் போயிற்று.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். நொறுங்கிய பாம்பன் பாலத்தைத் தொழிலாளரும் எஞ்சினீயர்களும் 46 நாளில் நிமிர்த்தினர். உழைப்பின் ஆற்றலுக்கு வேறு சான்றும் வேண்டுமா? ஆனால் தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவில்லை. 'மனிதர் வாழத் தகுதியற்ற இடம்' என்ற முத்திரைதான் விழுந்தது.

முத்திரை வயிற்றை நிரப்புமா? கடலை நம்பிய மீனவர் திரும்பி வந்தனர். ஓலைக் குடிசை போட்டனர். மணலைக் கையால் தோண்டி, ஊறிய நன்னீரை மொண்டு குடித்தனர். அவர்கள் பிடித்த மீனை ஊரார் உண்டனர். அவர்கள் குடிசைக்கோ, பல பத்தாண்டுகள் மின்கம்பி வரவில்லை.

அங்கே ஆபத்து இல்லையா என்பர். உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் 2017ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டார்களே! வேடிக்கை பார்க்க வண்டி வண்டியாய் மக்கள் வருகிறார்களே! பகலில் பார்க்கத் தகுதியான மண், இரவில் மீனவன் படுக்க மட்டும் தகுதியற்றதா?

வழி இரண்டே. வாழலாம் என்றால் பட்டாவும், மின்சாரமும், குடிநீரும், புயலைத் தாங்கும் கட்டடமும் தருக! வாழக்கூடாது என்றால், வலையைக் கைவிடாமல் பிழைக்கக் கடலோரத்திலேயே மாற்றிடம் தருக! இரண்டுங்கெட்டானாக ஒரு சமூகத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொங்கவிடுவது நீதியல்ல.

நெய்வேலிக்கு இது புரியும். சுரங்கத்துக்காக வீட்டையும் வயலையும் விட்டுப் போன குடும்பங்கள் நம் பக்கத்திலேயே உள்ளன. மண்ணை இழப்பது என்னவென்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

விளக்கை ஏற்றியவனுக்கு, அது யார் வீட்டில் எரிகிறது என்று கேட்கும் உரிமை உண்டு. தோழர்களே! கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள், தீர்மானம் போடுங்கள். கடைசிக் குடிசையிலும் விளக்கு எரியும் நாள்தான் உங்கள் உழைப்பு முழுமை பெறும் நாள்.