நாமும் தண்ணீரைப் பார்க்க வேண்டாமா?

காலாண்டு விடுமுறையில் உறவினர்கள் பதினான்கு பேர் சேர்ந்து, ஸ்ரீரங்கத்திலிருந்து வேன் பிடித்துக் கொல்லிமலைக்குப் போய் வந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆண்களும் பிள்ளைகளும் ஜன்னல் வழியே பள்ளத்தாக்கைப் பார்த்து 'ஆஹா' என்றார்கள். நாங்களோ உருளும் தூக்குச் சட்டியைக் காலால் அணைத்தபடி, வாந்தி வருகிறது என்ற குழந்தைகளுக்கு எலுமிச்சம்பழம் நீட்டிக் கொண்டிருந்தோம். முதல் நாள் ராத்திரி புளிக்காய்ச்சல், விடியற்காலை மூன்று மணிக்கு இட்லி என்று நின்ற கால்வலி வேறு!

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்க வேண்டும். "சாமானை யார் பார்த்துக்கறது?" என்று கேள்வி வந்ததும், பெண்கள் நாலு பேர் வேனிலேயே தங்கிவிட்டோம்.

திரும்பும் வழியில் முக்கொம்பில் இறங்கினோம். வழக்கம்போல் நான் தட்டுகளை எடுத்தபோது மாமியார் சொன்னார்: "கல்யாணமான நாள்லேர்ந்து எத்தனையோ தடவை இங்க வந்திருக்கேன். ஒரு தடவைகூட மதகுகிட்ட போய் நின்னதில்லைம்மா. சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவறதுக்குள்ள இருட்டிடும்."

எனக்குச் சுருக்கென்றது. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய கொள்ளிடம் மேலணை அது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் இடிந்துபோய், பிறகு பக்கத்திலேயே புது அணை கட்டினார்கள். பழைய அணையை முழுசாகப் பார்க்க அத்தைக்கு இனி வழியில்லை! தட்டுகளைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, அத்தையை அழைத்துக்கொண்டு, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தைப் பார்க்கப் போய்விட்டேன். பசித்தவர்கள் தாங்களே போட்டுச் சாப்பிட்டார்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

ஓட்டல் சாப்பாடு செலவு, வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது என்றால் கட்டுச்சோறே கட்டுவோம். ஆனால் ஆளுக்கொரு பொட்டலமாக வாழையிலையில் கட்டிவிட்டால் பரிமாறும் வேலையும் இல்லை, பாத்திரமும் இல்லை. கட்டும்போதே வீட்டு ஆண்களையும் உட்கார வையுங்கள். சாமானைக் காக்க முறை போட்டுக்கொள்ளட்டும்.

அடுப்படியை வேனில் ஏற்றிக்கொண்டு போவதற்குப் பெயர் உல்லாசப் பயணமா? யோசியுங்கள் சகோதரிகளே!

– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.